நூற்று மூன்று

பாலத்தின் நடுவில் டயர் காற்றிழந்த இரவு
நான்கு நட்டில் ஒன்றும் அசையவில்லை.
சாவியின் மேல் ஏறி நின்றேன்,
அறுபத்தெட்டு கிலோவும் அன்றைய களைப்பும்.
மூன்றாவது நட்டு சுழன்றது என்று மகிழ்ந்தேன்.
போல்ட் முறிந்து நட்டோடு வந்தது.
பின்சீட்டுப் பயணி மணியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
அப்புறம் விமானத்தை மறந்து கடலைப் பார்த்தார்.

"இறுக்கமா இருந்தா நல்லதுதானேக்கா?"
என்றான் டயர் கடை குமணன்.
காற்றுத் துப்பாக்கி அவன் கையில் டர்ரென்றது.
அதற்கு எண் தெரியாது.
அவனுக்கும்.

ஜெலுத்தோங்கில் இரும்புச் சாமான் கடை.
தவுக்கே மூன்று டார்க் ரெஞ்சுகளை மேசையில் கிடத்தினார்.
"பெரியது எடு, லாரிக்கும் ஆகும்."
என்னிடம் லாரி இல்லை.
மைவியின் கையேட்டை விரித்துக் காட்டினேன்:
நூற்று மூன்று நியூட்டன் மீட்டர்.
சின்னது நூற்றுப் பத்தோடு முடிகிறது,
பெரியது எண்பதில்தான் கண் விழிக்கிறது.
அளவின் ஓரங்களில் எந்தக் கருவிக்கும் நாக்கு குழறும்.
நாற்பதிலிருந்து இருநூறு வரை போகும்
நடுப்பிள்ளையை எடுத்தேன்.
நூற்று எண்பது வெள்ளி. மூன்று இரவு ஓட்டம்.

ஞாயிறு காலை, ரேலாவ் அடுக்குமாடியின் கீழே
கம்பிப் பிரஷால் புரிகளைத் தேய்த்தேன்.
எண்ணெய் போடவில்லை,
எண்ணெய் பட்ட புரியில் எண் பொய்யாகும்.
விரலால் முடிந்தவரை திருகி,
டயர் தரையைத் தொடும்வரை ஜாக்கியை இறக்கி,
கைப்பிடியைச் சுழற்றினேன்:
தண்டில் நூறு, வளையத்தில் மூன்று.
பூட்டினேன்.

பிடியின் நடுவில் கை.
வெடுக்கென்று இழுக்காமல்,
தூங்கும் குழந்தையின் அடியிலிருந்து
போர்வையை உருவுகிற மாதிரி.
வரவில்லை. வரவில்லை.
டக்.
சுண்டுவிரல் நெட்டி முறிந்த அளவே சத்தம்;
ஒரு மோட்டார் சைக்கிள் கடந்திருந்தால் கேட்டிருக்காது.
கைக்குத்தான் முதலில் தெரிந்தது.
நம்பாமல் இன்னொரு முறை இழுத்தேன்.
இன்னொரு டக்.
அது உறுதி அல்ல, அதிகம்
என்று பிறகுதான் படித்தேன்.
அந்த நட்டைக் கழற்றி மறுபடி தொடங்கினேன்.
எதிர் நட்டு, பக்கத்து நட்டு, அதன் எதிர்.
ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்.

முடிந்ததும் நாற்பதுக்கு இறக்கிப் பெட்டியில் வைத்தேன்.
இறுக்கத்தோடு படுக்கவைத்தால்
ஸ்பிரிங் அதையே பழகிக்கொள்ளும்.
(எனக்கும் அப்படிச் சில வருடங்கள் உண்டு.
அது இந்தக் கவிதைக்கு வேண்டாம்.)

மூன்றாம் மாடி தெய்வசிகாமணி
பைக் அச்சு நட்டைக் கழற்றக் கேட்டார்.
"இது இறுக்க மட்டும். கழற்றத் தரமாட்டேன்."
நீளக் கம்பியைக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டார்.
மின்தூக்கியில் இப்போது
எண்களையே பார்த்துக்கொண்டு வருகிறார்.

இத்தனையும் சொன்ன நான்தான்
ஒரு புதன்கிழமை படிக்கட்டில் அதை நழுவவிட்டேன்.
நான்கு படி, நான்கு ஓசை.
மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன்.
ஒரு பூனை மட்டும்.
துடைத்து, எண் வைத்து, இழுத்துப் பார்த்தேன்.
டக்.
அதே குரல். அதே நிதானம்.
எந்த எண்ணில் சொல்கிறது என்பது மட்டும்
இனி அதற்கும் எனக்கும் இடையே.

பாயான் லெப்பாஸில் அளவு சரிபார்க்கும் கூடம்.
ஹஸ்லினா ஒரு படிவத்தை நீட்டினாள்.
கீழே விழுந்ததா: ஆம், இல்லை.
பேனா சிறிது நேரம் காற்றில் நின்றது.
ஆம்.
வாங்கிப் படித்தவள் நிமிர்ந்து கேட்டாள்,
"விழுந்த பிறகு பயன்படுத்தினீங்களா?"

இரண்டு சக்கரம்.
பதினொரு நாள்.
பாலத்தில் எத்தனை தடவை என்று
விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.